கேத்திக் கொல்லையில் ஒரு கிண்ணம் ஸூப்

ஊட்டிக்கு நீங்கள் போயிருப்பீர்கள். கல்யாணமான புதிதில் போயிருக்கலாம். குழந்தைகளின் கோடை விடுமுறையில் போயிருக்கலாம். படகில் ஏறி, குதிரையில் ஏறி, தொட்டபெட்டா சிகரத்தில் ஏறி, கடைசியில் ஹோட்டல் வாடகையும் ஏறியிருப்பதைக் கண்டு மறுநாளே மலையை விட்டு இறங்கியிருக்கலாம். ஆனால் ஒரு கிண்ணம் காய்கறி ஸூப்பைத் தேடிக்கொண்டு ஊட்டிக்குப் போனவர்கள் உங்களில் யாராவது உண்டா?

நான் போனேன். ஏன் போனேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால், "ஸூப்புக்காக இவ்வளவு தூரம் போன மனுஷனுக்கு வேறு வேலை கிடையாதா?" என்று கேட்பீர்கள்.

சென்ற ஐப்பசியில் என் தாயாருக்கு ஜுரம் கண்டது. பத்து நாளில் ஜுரம் இறங்கிவிட்டது. ஆனால் போகும்போது அது அவளுடைய பசியையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டது. வயது எழுபத்திரண்டு. மேல்வரிசைப் பற்கள் அதற்கு முன்பே விடை பெற்றுக்கொண்டு விட்டன. ரசம் சாதம் இரண்டு வாய். அதற்கு மேல் "போதும்" என்று கையை உதறுவாள். கஞ்சி என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். மணிக்கட்டில் நிற்க வேண்டிய வளையல், கையைத் தூக்கினால் முழங்கை வரை போய் வந்தது. அதைப் பார்த்த பிறகு எங்கள் வீட்டில் யாருக்குமே சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

டாக்டர் வந்து பார்த்தார். "காய்கறி ஸூப் கொடுங்கள். கெட்டியாக, க்ரீம் மாதிரி இருக்கட்டும். தானாகத் தேறிவிடுவார்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சொல்வது சுலபம். முதல் நாள் என் மனைவி கடையில் விற்கும் ஸூப் பொடியை வாங்கிக் கரைத்துக் காய்ச்சினாள். அம்மா ஒரு ஸ்பூன் வாயில் வைத்தாள். "காகிதம் ஒட்டவா காய்ச்சினாய்?" என்றாள். இரண்டாம் நாள் தக்காளியும் காரட்டும் வேகவைத்து, அதில் பாலைக் கொட்டியதில், பால் திரிந்து பாத்திரம் முழுவதும் பஞ்சு பஞ்சாக மிதந்தது. மூன்றாம் நாள் நானே களத்தில் இறங்கினேன். கொதிக்கக் கொதிக்கக் காய்களை மிக்ஸியில் போட்டு, மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஸ்விட்சைத் தட்டினேன். உள்ளே இருந்த ஆவி மூடியையும் தூக்கிற்று, என்னையும் இரண்டடி பின்னால் தள்ளிற்று. எங்கள் சமையலறைச் சுவரில் காரட் நிறத்தில் ஒரு பொட்டு இன்னமும் இருக்கிறது. பாத்திரத்தில் மிச்சம் இருந்தது உருளைக்கிழங்குப் பசைதான்.

இப்படி இருக்கும்போதுதான் எங்கள் ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு, "நீலகிரிக்குப் போய் ஒரு கட்டுரை எழுதிக்கொண்டு வாருங்கள். மலையையும் ரயிலையும் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். வேறு ஏதாவது எழுதுங்கள்" என்றார். எனக்குப் பளிச்சென்று ஒரு யோசனை தோன்றியது. காரட்டும் உருளைக்கிழங்கும் விளைகிற இடத்தில் ஸூப் வைக்கத் தெரிந்தவர்கள் இருக்கமாட்டார்களா?

மலை ஏறும் பெட்டிகள்

ஆசிரியர் வேண்டாம் என்று சொன்னாலும், ரயிலைப் பற்றி நாலு வரியாவது எழுதாமல் இருக்க முடியவில்லை.

சென்னையில் இரவு நீலகிரி எக்ஸ்பிரஸில் படுத்தால் விடியற்காலையில் மேட்டுப்பாளையம். எதிர்ப் பக்கத்தில் நீலமும் வெண்மையுமாகச் சின்னஞ்சிறு பெட்டிகள் காத்திருக்கின்றன. 1899-ம் வருஷம் குன்னூர் வரையிலும், 1908-ம் வருஷம் உதகமண்டலம் வரையிலும் போடப்பட்ட பாதை இது. 2005-ம் வருஷம் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. மொத்தம் 46 கிலோமீட்டர்தான். அதைக் கடக்க ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகிறது. கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்துக்கு நடுவே பல் வைத்த இன்னொரு தண்டவாளம் ஆரம்பமாகிறது. எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விப் பிடித்துக்கொண்டு, பின்னாலிருந்து நம்மை மேலே தள்ளுகிறது. மாட்டுப்பெண்ணைப் பின்னாலிருந்து தாங்குகிற நல்ல மாமியாரைப் போல் என்று எதிர் ஸீட்டு அம்மாள் ஒருத்தி சொன்னாள். பக்கத்தில் இருந்த அவளுடைய மாட்டுப்பெண் அதற்கு ஒன்றும் சொல்லாமல் ஜன்னல் வழியாகப் பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கீழே பாக்கு மரம். அதற்கு மேலே காபியும், மரத்தைத் தழுவிய மிளகுக் கொடியும். குன்னூரில் தேயிலை. அரவங்காடு தாண்டிக் கேத்தி ஸ்டேஷன் வந்ததும் திடீரென்று பள்ளத்தாக்கு விரிகிறது. மலைச்சரிவு முழுவதும் படிக்கட்டு படிக்கட்டாகப் பாத்திகள். ஒரு படியில் கரும்பச்சை, அடுத்த படியில் இளம்பச்சை, அதற்கடுத்ததில் அப்போதுதான் கொத்திவிட்ட செம்மண். நவராத்திரிக் கொலுவுக்குப் படி கட்டி, பொம்மைக்குப் பதில் கோஸும் காரட்டும் வைத்தது போல் இருந்தது. "இங்கேதான் நம் ஸூப் இருக்கிறது" என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டேன்.

பூங்காவாக மாறிய காய்கறித் தோட்டம்

உதகமண்டலத்தில் என் கல்லூரி நண்பர் ஒருவர் ஆசிரியராக இருக்கிறார். அவர் என்னை முதலில் அழைத்துக்கொண்டு போன இடம் தாவரவியல் பூங்கா. "ஸூப்பைத் தேடி வந்தவனைப் பூப்பார்க்க அழைத்து வருகிறீரே!" என்று குறைப்பட்டேன். "ஐயா, இந்தப் பூங்காவே ஸூப்புக்காக உண்டானதுதான்" என்றார் அவர்.

அவர் சொன்னது வேடிக்கை அல்ல. 1819-ம் வருஷம் கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் ஸல்லிவன் இந்த மலைக்கு ஏறி வந்தார். அதற்கு முன்னால் இங்கே தோடர்களின் எருமைகள் மேய்ந்தன. படகர்கள் சாமையும் கேழ்வரகும் விளைத்தார்கள். ஸல்லிவனுக்கு மலையின் குளிர் பிடித்துவிட்டது. இங்கேயே வீடு கட்டினார், ஏரி வெட்டினார், தம் நாட்டுக் காய்கறி விதைகளை வரவழைத்து ஊன்றினார். உருளைக்கிழங்கும் முட்டைக்கோஸும் நீலகிரிக்கு வந்த கதை அதுதான். அவர் கட்டிய கல் பங்களாவை இன்றும் அரசு கலைக் கல்லூரியில் பார்க்கலாம்.

பிறகு துரைமார்களும் துரைசானிகளும் நிறையப் பேர் குடியேறினார்கள். அவர்களுக்குத் தினமும் இராச் சாப்பாட்டில் ஸூப் வேண்டும். ஸூப்புக்குக் காய்கறி வேண்டும். ஆகவே 1840-களில் அவர்கள் தங்களுக்குள் மாதச் சந்தா போட்டு, தொட்டபெட்டா சரிவில் ஒரு காய்கறித் தோட்டம் வைத்தார்கள். அந்தத் தோட்டம்தான் பின்னால் அரசாங்கப் பூங்காவாக மாறியது. 1848-ம் வருஷம் இங்கிலாந்தின் கியூ தோட்டத்திலிருந்து மக்ஐவர் என்பவர் வந்து, சதுப்பு நிலத்தைத் திருத்திப் படிப்படியாகப் புல்தரையும் பூம்பாத்தியும் அமைத்தார். இன்று நீங்களும் நானும் போட்டோ எடுத்துக்கொள்ளும் புல்தரைக்கு மூலகாரணம், யாரோ ஒரு துரைசானிக்குக் காரட் கிடைக்காமல் போனதுதான்!

அங்கிருந்து மார்க்கெட்டுக்குப் போனோம். சகோதரிகளே, அந்த மார்க்கெட்டுக்குள் கையில் பையில்லாமல் போகாதீர்கள்; மனம் வருந்தும். கையளவு நீளத்தில் மண் ஈரம் காயாத காரட், உள்ளங்கையில் வைத்தால் கனக்கிற நூக்கல், டர்னிப், பீட்ரூட், மல்லிக்கட்டுப் போல் கட்டி வைத்த பார்ஸ்லி, செலரி. வெங்காயத்தாளின் பெரியண்ணா போல, அடி வெளுத்து நுனி பச்சையாக நீண்டிருந்த ஒன்றை எடுத்து, "இது என்ன?" என்றேன். "லீக்ஸ். ஸூப்புக்குப் போடுவது" என்றார் கடைக்காரர். "எப்படிப் போடுவது?" என்று கேட்டேன். "அது தெரியாது, சாமி. எங்கள் வீட்டில் சாம்பார்தான்" என்றார்.

நண்பர் சிரித்தார். "நாளைக்குக் கேத்திக்குப் போகலாம். என் மனைவிக்குத் தெரிந்த ஒரு அம்மாள் அங்கே இருக்கிறாள்" என்றார்.

ஐந்து பாத்தி

மறுநாள் காலையில் பள்ளத்தாக்கில் இறங்கும்போது புல்லின் மேல் உறைபனி உப்புத் தூவினாற்போல் வெளுத்திருந்தது. மாசி மாதம், சூரியன் மலைமேல் வந்தும் சூடு வரவில்லை. வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள். முற்றத்தில் வெயில் விழும் இடமாகப் பார்த்து ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தாள். வெள்ளை முண்டு, தலையைச் சுற்றி வெள்ளைத் துணி. எங்களைப் பார்த்துச் சிரித்தாள். வாயில் ஒரு பல்கூட இல்லை. என் தாயாரின் நினைவு வந்தது.

வீட்டு அம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். படகர் குடும்பம், அவர்களுக்குள் படகு மொழி, எங்களோடு தமிழ். "வாங்க தம்பி! ஸூப் கத்துக்க மெட்ராஸிலிருந்து வந்திருக்கிற ஆளு நீங்கதானா?" என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்லும் முன் ஒரு முறத்தை என் கையில் கொடுத்தாள். "முதல்லே கொல்லைக்கு வாங்க."

வீட்டுக்குப் பின்னால் ஐந்தே ஐந்து பாத்திகள். ஒன்றில் காரட், ஒன்றில் உருளை, ஒன்றில் லீக்ஸ், ஒன்றில் குச்சி நட்டுப் படரவிட்ட பட்டாணி, கடைசிப் பாத்தியில் கோஸும் செலரியும் கொஞ்சம் கொத்தமல்லியும். அதற்கப்பால் வேலி, வேலிக்கப்பால் அவர்களுடைய பெரிய வயல், அதிலும் காரட்தான்.

"அக்கா, அங்கே அவ்வளவு காரட் இருக்கும்போது இங்கே எதற்குத் தனியாக?" என்றேன்.

"அது விக்கிறதுக்கு. இது வாய்க்கு" என்றாள்.

வயல் காரட்டின் கதையை அவள் சொல்லக் கேட்டேன். இராத்திரியிலேயே ஆட்கள் இறங்கித் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பிடுங்குவார்கள். விடிவதற்குள் மெஷினில் போட்டு மண் போகக் கழுவி, தரம் பிரித்து, மூட்டை கட்டி, லாரியில் மேட்டுப்பாளையம் மண்டிக்கு அனுப்ப வேண்டும். அங்கிருந்து வேறு லாரி; பிறகு உங்கள் ஊர் மார்க்கெட்; பிறகு உங்கள் தெருமுனைக் கடை. நாம் "பிரெஷ் காரட்" என்று சொல்லி வாங்குவது மண்ணை விட்டு வந்து எத்தனை நாளாயிற்றோ! "விலை இருக்கிற அன்னைக்கு ஆள் கிடைக்கிறதில்லே. ஆள் கிடைக்கிற அன்னைக்கு விலை இருக்கிறதில்லே. பிடுங்கின கூலிக்குக்கூடக் கட்டாத நாள் உண்டு, தம்பி" என்றாள், யாரையும் குற்றம் சொல்லாத குரலில்.

உருளைக்கும் ஒரு கதை இருக்கிறது. ஒரு காலத்தில் நீலகிரி என்றாலே உருளைதான். 1961-ம் வருஷம் அதன் வேரைத் தாக்கும் நூற்புழு ஒன்று இந்த மண்ணில் இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. கண்ணுக்குத் தெரியாத அந்தப் புழுவின் முட்டைக்கூடு வருஷக் கணக்காக மண்ணில் பதுங்கிக் கிடக்கும். ஒரே நிலத்தில் ஓயாமல் உருளை போட்டால் பெருகிவிடும். அதனால் உருளைக்குப் பின் காரட், காரட்டுக்குப் பின் கோஸ் என்று மாற்றி மாற்றிப் போடவேண்டியிருக்கிறது. அந்த அம்மாளின் ஐந்து பாத்திகளும் போகத்துக்குப் போகம் இடம் மாறுகின்றனவாம். பள்ளிக்கூடத்தில் பெஞ்சு மாற்றி உட்கார வைப்பது போல!

"பையன் கோயமுத்தூர்லே வேலையா இருக்கான். இந்தக் கொல்லையிலேயும் தேயிலையை வச்சுடு, உனக்கு எதுக்குக் கஷ்டம்கிறான்" என்று சொல்லிக்கொண்டே அவள் ஒரு காரட்டைப் பிடுங்கி, மண்ணை உதறி, என்னிடம் நீட்டினாள். "தேயிலையை ஸூப் வைக்க முடியுமா? அத்தைக்கு நான் என்னத்தைக் கொடுக்கிறது?"

அந்தக் காரட்டைக் கடித்தேன். கரும்பைக் கடித்தது போல் படாரென்று ஒடிந்தது. இத்தனை நாள் காரட் என்று நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தது வேறு ஏதோ ஒன்று.

அடுப்பங்கரையில்

இனிமேல் சொல்வதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். நான் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டதை அப்படியே தருகிறேன்.

முதலில் பட்டாணியை உரித்தாள். தோலை எறியவில்லை. அந்தத் தோல், காரட்டின் நுனி, லீக்ஸின் பச்சைத் தாள், ஒரு துண்டு செலரித் தண்டு இவற்றை அலம்பி, நாலு டம்ளர் தண்ணீரில் போட்டு அடுப்பில் ஏற்றினாள். "இதுதான் ஸூப்புக்குத் தண்ணி. பச்சைத் தண்ணி ஊத்தினா சவசவன்னு இருக்கும்." அரை மணி கொதித்த பின் வடிகட்டி வைத்துக்கொண்டாள்.

அடுத்தது லீக்ஸ். அதன் தண்டு வெளுப்பாக வருவதற்காகச் செடியைச் சுற்றி மண்ணை அணைத்து அணைத்து வளர்க்கிறார்கள். ஆகவே மடலுக்கு மடல் மண் இருக்கும். நீளவாக்கில் கீறி, தாள் தாளாகப் பிரித்துக் கழுவினாள். பொடியாக நறுக்கி, அடிகனமான பாத்திரத்தில் ஒரு பெரிய கரண்டி வெண்ணெயை உருக்கி, அதில் போட்டு மூடிவிட்டாள். தணலைக் குறைத்தாள். நான் கரண்டியை எடுத்துக் கிளறப் போனேன்; என் கையைத் தட்டிவிட்டாள். "சிவக்கக் கூடாது. மெள்ள வாடணும். அவசரப்பட்டா கசப்பு வந்துடும்."

பத்து நிமிஷம் கழித்து மூடியைத் திறந்தபோது எழுந்த வாசனையை இங்கே எழுதிக் காட்ட எனக்குத் திறமை போதாது. வெங்காயத்தின் கோபம் எல்லாம் தணிந்து, குணம் மட்டும் மிஞ்சினால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது.

அதில் இரண்டு காரட்டும், ஒரு நடுத்தர உருளைக்கிழங்கும் வில்லை வில்லையாக நறுக்கிப் போட்டு, இரண்டு புரட்டுப் புரட்டி, மூன்று டம்ளர் காய்த்தண்ணீரை விட்டாள். பாதி வெந்ததும் பட்டாணி. மொத்தத்தில் முக்கால் மணி நேரம் ஆயிற்று. "நம் ஊரில் இருபது நிமிஷத்தில் வெந்துவிடுமே" என்றேன். என் நண்பர் உபாத்தியாயர் அல்லவா? உடனே பாடம் நடத்த ஆரம்பித்தார். சமுத்திரக் கரையில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிறது. ஏழாயிரம் அடிக்கு மேல் காற்றின் அழுத்தம் குறைவு. 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். எவ்வளவு எரித்தாலும் அதற்கு மேல் சூடு ஏறாது. ஆகவே காய் வேக அதிக நேரம் பிடிக்கும். "அவரைக்கும் பருப்புக்கும் குக்கர் வச்சுக்குவேன். இதுக்கு வேண்டாம்" என்றாள் அந்த அம்மாள். மலையில் அவசரப்பட அடுப்பும் விடுவதில்லை!

வெந்ததும் பாத்திரத்தை இறக்கினாள். "மிக்ஸி எங்கே?" என்று சற்று நடுக்கத்துடன் கேட்டேன். அவள் சுவரில் மாட்டியிருந்த மத்தை எடுத்தாள்.

ஆம், நேயர்களே! கீரை கடைகிற, மோர் கடைகிற அதே மத்து. இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் அதை உருட்டி உருட்டி, காய்களை மசித்தாள். அங்கேதான் எனக்கு என் மூன்றாம் நாள் தோல்வியின் காரணம் விளங்கியது. உருளைக்கிழங்குக்குள் மாவு இருக்கிறது. மெதுவாக மசித்தால் அந்த மாவு தண்ணீரோடு இழைந்து ஸூப்பைக் கெட்டிப்படுத்தும். மிக்ஸியின் கத்தி அதை அடித்துக் கிழித்தால் மாவு முழுவதும் வெளியே வந்து பசையாகிவிடும். க்ரீமுக்கும் பசைக்கும் உள்ள வித்தியாசம் சாமானில் இல்லை, கை வேகத்தில் இருக்கிறது!

மசித்ததைக் கண் பெரிய வடிகட்டியில் தேய்த்து இறக்கினாள். பட்டாணித் தோல் மேலே தங்கிவிட்டது. வேறு பாத்திரத்தில் ஒரு டம்ளர் பாலைக் காய்ச்சி, சூடாகவே, கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கலக்கினாள். பால் விட்ட பின் ஒரு கொதிகூட வரவிடவில்லை. "தக்காளி சேர்க்கலையா?" என்றேன். "புளிப்பு இருந்தா பால் திரியாதா?" என்று என்னைத் திருப்பிக் கேட்டாள். நான் மெட்ராஸில் நடந்ததைச் சொல்லவில்லை. உப்பு, அம்மியில் ஒன்றிரண்டாகத் தட்டிய மிளகு. அவ்வளவுதான். சோளமாவு இல்லை, மைதா இல்லை, கடைக் க்ரீம் இல்லை.

பங்களாவிலிருந்து வந்த கிண்ணம்

"இதை யார் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது?" என்று கேட்டேன். அவள் முற்றத்தில் இருந்த பாட்டியைக் காட்டினாள். "அத்தை. அத்தைக்கு மாமா."

பாட்டி சொன்னதை மருமகள் தமிழில் சொன்னாள். பாட்டியின் கணவர் சிறு பையனாக இருந்தபோது குன்னூரில் ஒரு வெள்ளைக்காரர் பங்களாவில் சமையற்கட்டில் எடுபிடி வேலை செய்தார். காய் கழுவுவது, விறகு எடுத்துக் கொடுப்பது, பட்லர் கிண்டச் சொன்னால் கிண்டுவது. தினமும் ஸூப் கிண்டுவார். ஒரு நாளும் குடித்ததில்லை. 1947-ம் வருஷம் சுதந்திரம் வந்தது. கொஞ்ச நாளில் அந்தக் குடும்பம் கப்பல் ஏறிவிட்டது. பையன் ஊருக்குத் திரும்பினான். கல்யாணமாகி, முதல் குழந்தை பிறந்து, பால் மறக்கும் சமயத்தில், "துரை வீட்டுக் குழந்தை குடித்ததை என் குழந்தையும் குடிக்கட்டும்" என்று ஸூப் வைக்கப் பார்த்தார். க்ரீமுக்கும் மைதாவுக்கும் எங்கே போவது? கொல்லையில் உருளை இருந்தது. தொழுவத்தில் மாடு இருந்தது. கையில் மத்து இருந்தது.

"அப்பத்தான் முதல் முதல்லே அவரே குடிச்சுப் பார்த்தாராம்" என்றாள் மருமகள். பாட்டி ஏதோ சொல்லிச் சிரித்தாள். "பங்களாவிலே இருந்ததைவிட இது நல்லா இருக்குன்னு சொன்னாராம். அங்கே குடிச்சதே இல்லையே, எப்படித் தெரியும்னு அத்தை கேட்டாங்களாம்!"

இன்னொரு விஷயமும் அந்தப் பெரியவர் அடிக்கடி சொல்வாராம். அந்தத் துரை வாரத்தில் இரண்டு நாள் "முல்லிகட்டானி" ஸூப் கேட்பாராம். அது வேறொன்றுமில்லை, நம்முடைய மிளகுத் தண்ணீர்தான். நம் ரசத்தை அவர்கள் எடுத்துக்கொண்டு போய் இங்கிலீஷ் பெயர் வைத்தார்கள். அவர்கள் கொண்டுவந்த காரட்டையும் உருளையையும் நாம் எடுத்துக்கொண்டு பொரியலும் குருமாவும் செய்தோம். கணக்குச் சரியாகிவிட்டது என்று நினைக்கிறேன்.

கிண்ணங்களில் ஸூப் வந்தது. கூடவே ஊட்டி வர்க்கி. 2023-ம் வருஷம் புவிசார் குறியீடு பெற்ற அதே மொறுமொறு வர்க்கிதான். ஒரு வாய் குடித்தேன். இளமஞ்சள் நிறம், நாக்கில் பட்டால் பட்டு. முதலில் காரட்டின் தித்திப்பு, பிறகு லீக்ஸின் வாசனை, கடைசியில் தொண்டையில் மிளகு. பாட்டி வர்க்கியை உடைத்து ஸூப்பில் ஊறப்போட்டு, மெள்ள மெள்ள, ஒரு சொட்டு விடாமல் சாப்பிட்டாள். பல்லில்லாத அந்த வாய்க்காக மருமகள் ஐந்து பாத்தியைக் கட்டிக் காத்து வருகிறாள். தேயிலை வைத்தால் பணம் வரும், தெரியாமலா இருக்கிறாள்?

புறப்படும்போது ஒரு பை நிறையக் காய்களைக் கொடுத்தாள். பணத்தை எடுத்தேன். "இது வாய்க்குன்னு சொன்னேனே, தம்பி" என்றாள்.

உங்கள் அடுப்பில்

நாலு பேருக்கு இது போதும்: லீக்ஸ் ஒன்று (கிடைக்காவிட்டால் பெரிய வெங்காயம் ஒன்று), காரட் இரண்டு, நடுத்தர உருளைக்கிழங்கு ஒன்று, உரித்த பட்டாணி ஒரு கைப்பிடி, செலரி ஒரு துண்டு, வெண்ணெய் ஒரு மேஜைக்கரண்டி, காய்த்தண்ணீர் மூன்று டம்ளர், பால் ஒரு டம்ளர், உப்பு, மிளகு.

உங்களுக்குக் கேத்தியில் கொல்லை இல்லாமல் இருக்கலாம், எனக்கும் இல்லை. ஆனால் வாங்கிய காரட்டை ஒரு வாரம் குளிர்ப்பெட்டியில் அடைகாக்காமல் அன்றைக்கே அடுப்பில் வைக்கலாம். பட்டாணியைச் சமைப்பதற்குச் சற்று முன்னால் உரியுங்கள். பறித்து நேரம் ஆக ஆக அதன் தித்திப்பு மாவாக மாறிக்கொண்டே போகும். மொட்டைமாடியில் ஒரு தொட்டியில் கொத்தமல்லியாவது தூவி வையுங்கள். மத்து உங்கள் வீட்டில் எங்கேயோ பரண்மேல் இருக்கும், இறக்குங்கள். மிக்ஸியில்தான் அரைப்பேன் என்றால், நன்றாக ஆறவிட்டு, விட்டு விட்டு இரண்டு சுற்றுக்கு மேல் சுற்றாதீர்கள். சுவரில் பொட்டு விழாமல் இருக்கும்.

நான் ஊர் திரும்பிய அன்று காலையிலேயே ஸூப் வைத்தோம். லீக்ஸை என் மனைவி வதக்கினாள். மத்தை நான் உருட்டினேன். பால் திரியவில்லை, பசையாகவில்லை. கேத்தியில் குடித்தது மாதிரி இருந்ததா என்றால், முக்கால்வாசி இருந்தது. ஒரு இராத்திரி ரயிலில் வந்ததில் கால்வாசி போய்விட்டது.

அம்மாவிடம் கிண்ணத்தைக் கொடுத்துவிட்டு அந்தப் பாட்டியின் கதையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே ஒரு ஸ்பூன், இரண்டு ஸ்பூன் என்று உள்ளே போயிற்று. பாதிக் கிண்ணத்தில் ஸ்பூனைக் கீழே வைத்தாள். எங்களுக்கு மனம் சோர்ந்துவிட்டது.

"மிளகு போதாது" என்றாள் அம்மா. "இன்னும் கொஞ்சம் தட்டிப் போட்டு எடுத்துக்கொண்டு வா. நம் மிளகுத் தண்ணீரைத்தானே அவர்கள் கொண்டுபோனார்கள்? பிறகு எதற்குக் கஞ்சத்தனம்?"

அன்று அவள் இரண்டு கிண்ணம் குடித்தாள். வளையல் இன்னும் முழங்கையிலிருந்து முழுவதும் இறங்கிவிடவில்லை. ஆனால் இறங்கிக்கொண்டிருக்கிறது. இந்த வாரம் கேத்திக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். அந்த ஐந்து பாத்தியிலும் தயவுசெய்து தேயிலை வைக்க வேண்டாம் என்று.